பதினாறாவது பருவம்



நம் கல்லூரிக் கூடைப்பந்து அணி போன வருஷமும் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டது. புதுக் கோச் வந்து மூணு வருஷம் ஆச்சே, பலன் எங்கே என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்கிறார்கள். நானும் அந்த அணியில் நாலு வருஷம் ஆடித் தோற்றவன்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து விடிகாலையில் சைக்கிள் மிதித்து, காவிரிப் பாலம் தாண்டி வருவேன். மைதானத்தில் வேப்பஞ்சருகைக் கூட்டிவிட்டுத்தான் பந்தைத் தொடுவோம். அந்த உரிமையில் ஒரு பழைய கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கதைதான். ஆனால் ரொம்பத் தூரத்து உறவு இல்லை. 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டி இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அதே ஊர்க் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் தமிழ்நாட்டின் எத்தனையோ பள்ளி, கல்லூரிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்களாகப் போனார்கள்.

இனி கதைக்கு வருவோம். 1948-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு ஜான் வுடன் பயிற்சியாளராக வந்தார். இண்டியானா மாநிலத்துக் கிராமத்துப் பையன், பள்ளியில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். முந்தைய பருவத்தில் அந்த அணிக்கு 12 வெற்றி, 13 தோல்வி. வுடனின் அணி கடைசி இடத்துக்குத்தான் வரும் என்றார்கள். அவரோ முதல் பருவத்திலேயே 22 ஜெயித்து 7 மட்டும் தோற்றார்.

எல்லாரும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு நேரே 1964-க்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் நடுவில் உள்ள காலம்தான். மூன்று வருஷத்தில் நல்ல அரங்கம் கட்டித் தருகிறோம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள், கட்டவில்லை. 1950-ல் சொந்தக் கல்லூரியான பர்டியூ கூப்பிட்டது. போக ஆசைதான். ஆனால் மூன்று வருஷ ஒப்பந்தம் கேட்டது நீங்கள்தானே என்று நிர்வாகம் நினைவூட்ட, மனுஷர் தங்கிவிட்டார்.

பயிற்சிக்கு இருந்தது மாடியில் ஒரு பழைய கூடம். ஒரு பக்கம் மல்யுத்தம், ஒரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் இவர்கள். தரையெல்லாம் தூசி. தினமும் வுடன் வாளியோடு தண்ணீர் தெளித்தபடி முன்னால் போக, பின்னால் மாணவர்கள் துடைத்து வருவார்கள், நம் வீட்டில் வாசல் தெளிப்பதுபோல. 1955-ல் தீ விபத்து அபாயம் என்று அந்தக் கூடத்தில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அப்புறம் சொந்த ஊர் ஆட்டத்துக்கே வேறு இடங்களுக்கு அலைச்சல்.

1959-60 பருவக் கணக்கைப் பாருங்கள்: 14 வெற்றி, 12 தோல்வி. பன்னிரண்டாவது வருஷம், கிட்டத்தட்ட ஆரம்பித்த இடம்! நம் குழுவில் சிலர் அங்கே இருந்திருந்தால் அன்றே வழியனுப்பு விழா நடத்தியிருப்பார்கள்.

அவர் என்ன செய்தார்? காலுறையைச் சுருக்கமில்லாமல் மாட்டுவதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். சுருங்கினால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஆட்டம் போச்சு. பயிற்சியை நிமிஷக் கணக்கில் அட்டையில் எழுதி வைத்தார். பிற்காலத்தில், 1974-75-ல், இரண்டு உளவியலாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பயிற்சியில் சொன்னதையும் செய்ததையும் 2,326 பதிவுகளாகக் குறித்தார்கள். முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்ற விளக்கம். பாராட்டு 7 சதவீதம்கூட இல்லை. எஞ்சினியரான எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது.

தன் உதவியாளர் பேச்சையும் கேட்டார். முழு மைதானத்திலும் எதிரியை நெருக்கும் ஆட்டத்தை 1963-64-ல் கையாள வற்புறுத்தியவர் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன். தொடக்க ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை. 30 ஆட்டம், 30 வெற்றி. இறுதியில் டியூக்கை 98-83 என்று வென்றார்கள். அது வுடனின் பதினாறாவது பருவம். 1975-க்குள் மொத்தம் பத்துப் பட்டங்கள். பிந்தைய வருஷங்களில் பணக்கார ரசிகர் ஒருவர் ஆட்டக்காரர்களுக்குச் சலுகை காட்டினார் என்ற புகாரும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

சொன்ன அரங்கம் 1965-ல்தான் திறந்தது. பதினேழு வருஷத் துடைப்ப வேலை அத்தோடு முடிந்தது.

சந்திப்பு நாளில் காலை ஆறு மணிக்குப் பழைய மாணவர்களுக்கும் இப்போதைய அணிக்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது. கேள்வி கேட்டவர்களும் அவசியம் வாருங்கள். சருகு கூட்ட ஐந்தரைக்கே நான் வந்துவிடுவேன். துடைப்பம் ஒன்றுதான் இருக்கிறது. முடிந்தால் இன்னொன்று கொண்டுவரவும்.