நீறு பூசிய நயினார்கள்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வாழும் நயினார்களாகிய நாம் வேற்று நாட்டினின்று வந்தவரல்லேம். தமிழே நம் தாய்மொழி. உழவே நம்மிற் பெரும்பாலோரது பரம்பரைத் தொழில். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் விளங்குகின்றன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறும். இத்துணைத் தொன்மை வாய்ந்த சமூகம், சிறுபான்மையாய்க் குறுகியபின் தன்னை எவ்வாறு காத்துக்கொண்டது என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

1906ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னாற்காடு ஜில்லா கெஜட்டியர், நம் பெரியோர் சொல்லிவந்த வரலாறொன்றைக் குறித்துள்ளது. 1478ஆம் ஆண்டளவில் செஞ்சித் தலைவனொருவன் ஜைனர்மீது பெருஞ்சினங்கொண்டு பலரைக் கொல்வித்தானாம். உயிருக்கஞ்சிப் பலர் நீறணிந்து சைவராயினர். ‘நீறுபூசி வேளாளர்’ என்னும் பெயர் அவர்க்கு வழங்கலாயிற்று. திண்டிவனத்தை அடுத்த வேளூரில் ஒருவர் மறைவாக மாலை அனுஷ்டானம் செய்கையிற் பிடிபட்டார். அன்று தலைவனுக்கு மகவு பிறந்தமையால் விடுவிக்கப்பட்டு, சிரவணபெளகுளம் சென்று கற்று வீரசேனாசாரியர் ஆனார். உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தாயனூர்க் காங்கேய உடையார், கலகம் ஓய்ந்தபின் அவரை அழைத்துவந்து, நீறணிந்தோரிற் பலரை மீண்டும் நம் நெறியிற் சேர்த்தார்.

செவிவழி வரலாறேயாயினும், இதில் ஓர் உண்மை உளது. நெற்றிக்குறி மாறிய வீட்டிலும் அடுக்களை மாறவில்லையாயின், திரும்பிவர வழியுண்டு. பொழுது சாயுமுன் உண்ணல், நீரை வடிகட்டிப் பருகல், புலால் மறுத்தல் ஆகியவற்றை எந்த அரசனும் எளிதிற் பறித்தல் இயலாது. தீபாவளியை அயலாரோடு ஒக்கக் கொண்டாடினும், நமக்கு அது மகாவீரர் நிர்வாணத் திருநாள். நூற்பயிற்சியும் இவ்வாறே வீட்டினுள் நிலைத்தது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அதன் சமயக் கருத்துக்களைக் கும்பகோணத்து ஜைனரிடமே கேட்டுத் தெளிந்தார். 1936இல் நீலகேசியை வெளியிட்டவர் நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்.

நீறணிந்தவரைக் கோழையரென இகழ்தல் தகாது. உயிரைக் காத்தவர் இருந்தமையாலன்றோ நெறியைக் காப்பதற்கு ஆளிருந்தது! ஆயின் அன்று அச்சத்தால் மறைத்த பெயரை இன்று சோம்பலால் மறைத்தல் எங்ஙனம் பொருந்தும்? 2014ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு ஜைனரைச் சிறுபான்மையினராக அறிவித்தது. சட்டம் பெயரைக் காக்கும். ஒழுக்கத்தைக் காப்பது இல்லமே. ஆதலின் குடிக்கணக்கெடுப்போர் வருங்கால் சமயத்தைத் திருத்தமாக எழுதுவிக்குமாறும், மேல்சித்தாமூர்த் திருவிழாவுக்குச் சிறாரை அழைத்துச் சென்று இவ்வரலாற்றைச் சொல்லுமாறும் அங்கத்தினர் யாவரையும் வேண்டுகின்றோம்.