பால்மரம் இலை உதிர்க்கும் காலம்

நம் நாட்டில் வெயிலும் மழையும்தான் உண்டு. இலையுதிர் காலம், குளிர் காலம் என்பவையெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "எங்களுக்கும் எலையுதிர் காலம் உண்டே!" என்பார்கள். ஆண்டுதோறும் ஜனவரி பிறந்து மார்ச் முடிவதற்குள் ரப்பர் மரங்கள் இலையை மஞ்சளாக்கி, சிவப்பாக்கி, மொத்தமாக உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். வெள்ளைக்காரத் துரைமார்கள் இதற்கு 'விண்டரிங்', அதாவது 'குளிர்காலம் காண்பது' என்று பெயர் வைத்தார்கள். பனியே இல்லாத ஊரில் ஒரு குளிர்காலம்!

ஒவ்வோர் ஆண்டும் இது ஒரே நாளில் வருவதில்லை. சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே காடு சிவந்துவிடும். சில ஆண்டுகளில் பிப்ரவரி கடந்தும் பச்சையாகவே நிற்கும். இது ஏன்? இந்தத் தாமதம் நம் முன்னோர்களின் அடுப்படி வரைக்கும் எப்படி வந்தது? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமேசானிலிருந்து கோலகங்சாருக்கு

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகளைக் கோலகங்சாரில், பேராக் ரெசிடெண்ட் மாளிகைத் தோட்டத்தில் நட்டார்கள். அப்போது ரெசிடெண்டாக இருந்தவர் சர் ஹியூ லோ. அந்தத் தலைமுறை மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. நூற்றாண்டைத் தாண்டிய அந்தக் கிழமரத்தை மாணவர்கள் ஒரு முறையாவது போய்ப் பார்த்து வர வேண்டும்.

மரம் ஊர் மாறினாலும் தன் பழக்கத்தை விடவில்லை. அமேசானில் மழை குறையும் மாதங்களில் இலையை உதிர்த்து, தளிரும் பூவுமாகத் துளிர்ப்பது அதன் குணம். நம் மண்ணுக்கு வந்த பிறகும் அதே குணம்தான். மூன்று நான்கு வயதைத் தாண்டிய மரம் எதுவானாலும் ஆண்டுக்கு ஒரு முறை இலையைக் கொட்டியே தீரும்.

இலை ஏன் சிவக்கிறது?

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம் என்னும் பொருள். வெயிலைப் பிடித்து மரத்துக்கு உணவு சமைப்பது அதுதான். இலைக்கு வயதாகி, மண்ணில் ஈரமும் குறையும்போது மரம் சிக்கனக்காரக் குடும்பத்தலைவி போல நடந்துகொள்கிறது. இலையில் உள்ள சத்துகளில் எடுக்கக் கூடியதை எல்லாம் கிளைக்குத் திருப்பி இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. பிறகு செம்மை ஏறுகிறது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய ஒரு படலம் உண்டாகி, காம்பு விடுபடுகிறது. லேசாகக் காற்றடித்தாலும் இலை கீழே வந்துவிடும்.

காம்பு விடுபட உதவுவது மரம் தானே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு. வேலைக்காட்டு அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. 1970-களில் பால் அதிகம் வடிவதற்காக வெட்டுப்பட்டையில் பூசச் சொன்னார்களே ஒரு மருந்து, அது மரத்துக்குள் போய் வெளியிடுவதும் இதே வாயுவைத்தான்.

சில ஆண்டுகளில் ஏன் தாமதம்?

முதலில் குளிர்நாடுகளைப் பார்ப்போம். அங்கே இலை உதிர இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, பகல் குறுகுவது. தோக்கியோவில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட 5 மணி நேர வித்தியாசம். மற்றொன்று, குளிர். பகலின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது. குளிர்தான் முந்தியும் பிந்தியும் வரும். ஜப்பான் வானிலைத் துறையினர் மேப்பிள் மரம் சிவக்கும் நாளை 1953 முதல் குறித்து வருகிறார்கள். உலகம் சூடேறி வருவதால் இப்போது அது அந்நாளைவிட இரண்டு வாரத்துக்கும் மேல் பிந்திவிட்டது என்று அந்தக் குறிப்புகள் காட்டுகின்றன.

நம் ஈப்போவில் கதை வேறு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே அரை மணி நேரம்தான் வித்தியாசம். குளிரும் கிடையாது. ஆகவே பால்மரத்துக்கு முக்கியமான அடையாளம் மழை ஓய்வதுதான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கொட்டித் தீர்க்கும் மழை, புத்தாண்டை ஒட்டித் தணியும். மண் காயத் தொடங்கும். மரம் அதைப் புரிந்துகொள்ளும்.

வறட்சி சீக்கிரம் வந்து கடுமையாகவும் இருந்தால் இலை சீக்கிரம் விழும்; காடு முழுவதும் சேர்ந்தாற்போல் விழும். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டே இருந்தால் மரம் தயங்கும். ஒரு மரம் மொட்டை, பக்கத்து மரம் பச்சை, ஒரே மரத்தில் பாதிக் கிளை பழுப்பு என்று வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். எல் நினோ வறட்சி வந்த 1997–98, 2015–16 போன்ற ஆண்டுகள் ஒரு வகை. அதற்கு எதிரான லா நினா மழை ஆண்டுகள் மற்றொரு வகை. வெயிலின் உக்கிரத்துக்கும் இதில் பங்குண்டு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும்போது ஏறும் வெயிலே பால்மரங்களை ஒருசேரப் பூக்க வைக்கிறது என்று மலேசிய ஆய்வாளர் ஒருவர் 2007-இல் எழுதினார்.

மரத்தின் இனமும் சேர்ந்துகொள்கிறது. ஆரம்ப காலத் தோட்டங்கள் விதை போட்டு வளர்த்தவை. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு குணம். இலை விழுவதும் முன்னே பின்னே இருக்கும். 1910-களின் இறுதியில் ஜாவாவில் ஒட்டுக்கட்டும் முறை வெற்றி கண்டது. மலாயாவிலும் அது பரவியது. 1925-இல் சட்டப்படி அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நல்ல இனங்களைப் பொறுக்கி எடுத்தது. அதன் பின் ஒரே தாயின் பிள்ளைகளாய் ஆயிரம் மரம் நின்றன. அவை சிவந்தால் சேர்ந்து சிவந்தன. உதிர்ந்தால் சேர்ந்து உதிர்ந்தன.

இலை விழுந்தால் கூலியும் விழும்

பார்ப்பதற்கு அது அழகான காலம்தான். காலடியில் சருகு மொறுமொறுக்கும். மொட்டை மரங்களுக்கு நடுவே காலை வெயில் நேரே தரையில் விழும். இரண்டொரு வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் வரும். ஆனால் தோட்டத்துப் பெண்கள் நிமிர்ந்து இலையைப் பார்த்தது அழகை ரசிக்க அல்ல. மங்கில் பால் குறையப் போகிறதே என்ற கவலையோடுதான் பார்த்தார்கள்.

புது இலை விடுவதற்கு மரம் தான் சேர்த்து வைத்த உணவைச் செலவழிக்கிறது. சமைத்துப் போடப் பழைய இலையும் இல்லை. அதனால் பால் சுண்டிப் போகும். சில தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். ஆட்களைப் புல் வெட்டவும் சாக்கடை தோண்டவும் வெளிக்காட்டு வேலைக்கு அனுப்புவார்கள். சில தோட்டங்களில் வெட்டு தொடரும். அதே விடியற்காலைப் பெரட்டு, அதே எண்ணிக்கை மரம், அதே காண்டா வாளி. ஆனால் ஸ்டோரில் நிறுத்தால் எடை குறைவு. எடைக்குக் கூலி என்ற இடத்தில் எடை குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய இலை விழுந்து, புது இலை முற்றும் வரை இரண்டு மாதம் கூட ஆகும். மரத்துக்கு ஓய்வு, மனிதருக்கு நெருக்கடி.

இதிலே காலமும் சேர்ந்து சதி செய்தது. அந்நாளில் ஜனவரியில்தான் பள்ளி திறக்கும். சட்டை, சப்பாத்து, புத்தகம் வாங்க வேண்டும். பொங்கல் வரும், தைப்பூசம் வரும், ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்குக் காவடி எடுப்பவர்களுக்கு அந்தச் செலவும் உண்டு. செலவு ஏறும் மாதமும் பால் இறங்கும் மாதமும் ஒன்றாகிவிடும். இலை பிந்தி விழுந்த ஆண்டில் "இந்தத் தைப்பூசம் தப்பிச்சோம்டா சாமி" என்று மூச்சு விடலாம். ஆனால் பிந்தி வருவதற்கும் ஒரு விலை உண்டு.

அந்த விலை ஒரு பூஞ்சண நோய். 1918-இல் ஜாவாவிலும் 1925-இல் இலங்கையிலும் கண்டறியப்பட்டது, மலாயாவையும் விடவில்லை. இளந்தளிரின் மேல் வெள்ளைச் சாம்பல் தூவியதுபோலப் படரும். தளிர் பிந்தி வந்து, தூறலிலும் காலைப் பனிமூட்டத்திலும் மாட்டிக்கொண்டால் இந்த நோய்க்குக் கொண்டாட்டம். தளிர் சுருண்டு இரண்டாம் முறையும் உதிரும். மரம் மறுபடி இலை விட வேண்டும். பால் மறுபடி குறையும். இதைத் தடுக்கத்தான் விடியற்காலையில் இயந்திரம் வைத்துக் கந்தகத் தூள் அடித்தார்கள். சீக்கிரம் இலை உதிர்க்கும் இனங்கள் இந்த நோயிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடும் என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

மரம் மட்டுமா காரணம்? சந்தையும் காரணம். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, உற்பத்தியைக் குறைப்பதற்காக 1930 மே மாதம் முழுவதும் பல தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. இலையுதிர் காலம் முடிந்து பால் ஏறத் தொடங்கும் மாதம் அது. மரம் தரத் தயாராக இருந்தும் வாங்க ஆளில்லை.

இலையோடும் விலையோடும் கூலி ஆடிக்கொண்டிருப்பதை மாற்றத்தான் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடினார்கள். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக இருந்து முதலாளிகள் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தங்கள் பேசினார். மாதச் சம்பளம் வேண்டும் என்பது தோட்டங்களின் நீண்டநாள் கோரிக்கை. கடைசியில் 2013 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி குறைந்தபட்ச சம்பளம் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாயிற்று. அதற்குள் பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்களும் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்டன. போராடியவர்களில் பலர் பலனைப் பார்க்கவில்லை.

மாறி வரும் பருவம்

செம்பனை இலை உதிர்க்கும் பருவம் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் பச்சைதான். ஆகவே இன்றைய பிள்ளைகளில் பலர் காடு சிவப்பதைப் பார்த்ததே இல்லை. மிஞ்சியிருக்கும் ரப்பர் காடுகளிலோ புதிய சிக்கல். 2016-இல் சுமத்திராவிலும் அடுத்த ஆண்டு மலேசியாவிலும் ஓர் இலைப்புள்ளி நோய் தலைகாட்டியது. முற்றிய இலையையே தாக்கி, பருவம் இல்லாத பருவத்தில் உதிர வைக்கிறது. பால் குறைகிறது, அடிபடுவது பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்கள். மழைக்காலமும் வெயில்காலமும் முன்போல் ஒழுங்காக வராத இந்நாளில், இலை எப்போது விழுகிறது என்று கவனிப்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

மாணவச் செல்வங்களே! தோட்டத்து ஆபீசில் எத்தனை ராத்தல் பால், எத்தனை அங்குல மழை என்று கிராணிமார் எழுதி வைத்தார்கள். இலை விழுந்த மாதத்தில் எந்த வீட்டில் எத்தனை நாள் கஞ்சி என்று அந்தப் பேரேட்டில் ஒரு கோடு கூட இருக்காது. அது நம் தாத்தா பாட்டிமார் நெஞ்சில்தான் இருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷம் இலை பிந்தியது, அப்போது வீட்டை எப்படி ஓட்டினார்கள், கடைக்கடனை எப்படி அடைத்தார்கள் என்று கேட்டு, சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. பள்ளிக்கோ வீட்டுக்கோ பக்கத்தில் ஒரு பால்மரம் நின்றால், முதல் இலை சிவந்த நாள், மரம் மொட்டையான நாள், முதல் தளிர் விட்ட நாள் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் குறியுங்கள். நீங்கள் பள்ளியை விட்டுப் போகும்போது தம்பி தங்கையரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஜப்பானியர் செய்ததும் இவ்வளவுதான். பத்து ஆண்டு கழித்து அந்த நோட்டு அறிவியலுக்கும் உதவும். பேராக் தமிழர் வரலாற்றுக்கும் உதவும்.