பாமினிக்குள் பூட்டிக் கிடந்த அம்மம்மா

போன மாதம் அலுமாரியைத் துப்புரவாக்கேக்க ஒரு பழைய சீடி அம்பிட்டுது. 2003இல் செய்த, அம்மம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலர் அதற்குள் இருந்தது. அச்சுப் பிரதி ஒன்றுகூட இப்ப எங்களிட்ட இல்லை. கோப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். "இது பழுதாப் போச்சு, அழிச்சு விடுங்கோ அக்கா" எண்டான் தம்பி.

கோப்பில் ஒரு பழுதும் இல்லை. அது பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணினது. திறப்புத்தான் எங்களிட்ட இருக்கேல்லை.

இந்தத் திறப்பின் கதை கணினிக்கு முதலே தொடங்குது. தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். கடல்கடந்து போய் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 247 எழுத்துகளை ஒரு சின்ன யந்திரத்தில் எப்படி அடக்குவது? எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தால் அடங்கும்: கொம்புக்கு ஒரு விசை, அரவுக்கு ஒரு விசை, குற்றுக்கு ஒரு விசை. பொறிகள் ஜேர்மனியில் செய்யப்பட்டன.

பிறகு கணினி வந்தது. தட்டச்சில் பழகின விரல்களுக்குப் புதிதாக ஒன்றைப் பழக்கத் தேவையில்லாமல், பாமினியும் பெரும்பாலும் அதே விசை ஒழுங்கில் அமைந்தது. ஆனால் கணினிக்கு அப்ப தமிழ் தெரியாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள்: உள்ளே ஆங்கில எழுத்து, வெளியே தமிழ் முகம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும்.

ஒவ்வொரு எழுத்துருக் குடும்பமும் தனக்கொரு ஒழுங்கு வைத்திருந்தது. இதைச் சீராக்கத்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. அதற்கு முன்பே, 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்குத் தனி இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000 அதை வீட்டுக் கணினிக்கும் கொண்டுவந்தது. ஆனாலும் ரைப் பண்ணுற கடைகளில் பாமினி நின்று பிடித்தது. கைப்பழக்கம் லேசில் போகாது.

இதன் விளைவு என்ன? கோயில் மலர், சனசமூக நிலையக் கூட்டக் குறிப்பு, பாடசாலை ஆண்டிதழ், செத்தவீட்டுக் கல்வெட்டு எல்லாம் இப்படிப் பூட்டிக் கிடக்கு. தேடினாலும் அம்பிடாது. இவற்றை மாற்றுவது ஒரு பின்னேர வேலை. மென்பொருளுக்குக் காசும் தேவையில்லை. நான் செய்தது இதுதான்:

முதல் வேலை, மூலக் கோப்பைப் படி எடுத்துவிட்டுப் படியில் மட்டும் கை வைப்பது. மூலத்தை மாற்றிச் சேமித்தால் திரும்ப வழியில்லை.

இரண்டாவது, லிப்ரே ஆபிஸில் திறப்பது. பழைய வேர்ட் கோப்புகளை அது திறக்கும். பேஜ்மேக்கர் 6, 7இல் செய்தவற்றையும் பெரும்பாலும் திறக்கும். பக்க அமைப்பு குலைந்தாலும் எழுத்து கையில் கிடைக்கும். மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்குதெண்டு பாருங்கோ. எல்லாம் பாமினி இல்லை. பெயர் தெரியாமல் மாற்றினால் புதுக் குப்பைதான் வரும்.

மூன்றாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது. பாமினியில் 'கொ' அடிக்கேக்க கொம்பு முதலில், பிறகு 'க', பிறகு அரவு. யூனிகோடில் 'க' முதலில் வரவேணும். நல்ல மாற்றி இந்த வரிசையையும் திருப்பிப் போடும். அதால் கொ, கோ, கௌ வரும் சொற்களை முதலில் சரிபாருங்கோ. இடையில் ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதை வெளியில் எடுத்து வையுங்கோ. விட்டால் அதுவும் தமிழாக மாறி உளறும்.

கடைசியாக, வெறும் எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி சேமியுங்கோ. இன்னும் 20 வருடத்துக்குப் பிறகு எந்த மென்பொருள் இருக்குமோ, அது இதைத் திறக்கும். இரண்டு இடத்தில் வையுங்கோ. வீட்டார் சம்மதித்தால் நூலகம் திட்டத்துக்கும் ஒன்று கொடுக்கலாம். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை அவர்கள் சேர்த்து வருகிறார்கள்.

மலர் முழுக்க மாறி முடிய இரவு பத்து மணி. தேடல் பெட்டியில் '1995' எண்டு அடித்தேன். பெரியமாமா எழுதின பந்தி வந்தது: இடம்பெயரேக்க அம்மம்மா தையல் மெசினை விட்டிட்டு, அதின்ர ஊசிப் பெட்டியை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு நடந்தாவாம். அந்தப் பெட்டி இப்பவும் எங்கட வீட்டில் இருக்கு. அது ஏன் இருக்கெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.