பாஸ் மார்க்கின் வரலாறு

ஆசிரியர் தகுதித் தேர்வு 2010இல் கட்டாயமானது. தேர்ச்சிக்கு 60 சதவீதம். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குக் குறைக்கலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2011லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு அசையவில்லை. சமூகநீதி மண்ணாம்! கேட்டுக் கேட்டு 2014 பிப்ரவரியில்தான் 55 ஆனது. அந்த ஐந்து மார்க்கையும் பொறுக்காமல் வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு மதுரைக் கிளை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் செல்லும் என்றது. நடுவுல போன வயசுக்கு யாரு பதில் சொல்றது?

2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பு, தேர்வு எழுதாமல் பணியிலிருப்போரையும் இழுத்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும். இல்லையேல் வேலை இல்லை. வீட்டுல முதல் ஆளா பி.எட். முடிச்சு, இருபது வருஷம் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மாவும் ஐம்பது வயசுல கைடு வாங்கிப் படிக்கணும்.