தாழி: ஒரு மண்கலத்தின் பெயர்

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த பழமொழியை அறியாத தமிழர் குறைவு. ஆனால் சென்னைப் புறநகரான பூந்தமல்லியிலோ ஆவடியிலோ உள்ள பானைக் கடையில் சட்டி, பானை, தொட்டி, அகல் என்றுதான் கேட்டு வாங்குகிறோம்; தாழி என்று யாரும் கேட்பதில்லை. நாவில் இருக்கும் சொல் கடையில் இல்லாமல் போனது எப்படி?

தாழி என்பது ‘தாழ்’ என்னும் வினையடியிலிருந்து வந்த சொல். வாய் அகன்று வயிறு ஆழ்ந்த பெருங்கலத்துக்கு அது பெயர். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயராதலால், எந்தப் பயனுக்கும் அது பொருந்தியது. அகநானூற்றுத் தாழிகளில் பருத்தி தழைக்கிறது, குவளை பூக்கிறது. பெரியாழ்வார் பாசுரத்தில் கண்ணன் வெண்ணெயை அள்ளி விழுங்குவது தாழியிலிருந்துதான். திருக்கச்சி நம்பிகள் பிறந்த பூந்தமல்லியிலும் பக்கத்துத் திருமழிசையிலும் வைணவச் சொற்பொழிவு கேட்டு வளர்ந்தவர்களுக்குத் ததிபாண்டன் கதை தெரிந்திருக்கும். கண்ணனைத் தாழிக்குள் ஒளித்து வைத்த அந்த இடையன், தனக்கு மட்டுமின்றித் தன் தாழிக்கும் சேர்த்து மோட்சம் கேட்டான், கிடைத்தது.

அதே கலம் இறந்தவரையும் ஏற்றது. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்லிக் குயவரிடம் வேண்டுகிறாள் (புறநானூறு 256). சோழன் கிள்ளிவளவன் மறைந்தபோது புலவர் ஐயூர் முடவனாரும் குயவரை நோக்கியே பாடினார்: இவ்வளவு பெரிய புகழுக்கு எவ்வளவு பெரிய தாழி வனைவாய்? (புறநானூறு 228). மணிமேகலை எண்ணிச் சொல்லும் ஐந்து ஈம முறைகளுள் தாழியில் கவிப்பதும் ஒன்று.

இத்தனை பெரிய கலத்தைச் சக்கரத்தில் மட்டும் வனைந்து எடுக்க முடியாது. நம் குயவர்கள் பெரிய பானைக்கு வாயையும் கழுத்தையும் சக்கரத்தில் வனைந்துகொண்டு, சற்று உலர விடுவார்கள். பிறகு உட்புறம் ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி வயிற்றை விரிப்பார்கள். பழந்தாழிகளின் கழுத்தடியில் கயிறு சுற்றியதுபோல் ஓடும் வரியில் விரல் அழுத்திய பள்ளங்களை இன்றும் காணலாம். கண்ணாடிபோல் மின்னும் பூச்சு எதுவும் இல்லை. மண்ணும் நெருப்பும் தந்த நிறமே அதன் நிறம்.

1899 முதல் 1905 வரை தெற்கே ஆதிச்சநல்லூரில் அகழ்ந்த தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இத்தகைய தாழிகளைத் திரளாக வெளிக்கொணர்ந்தார். அங்கே கிடைத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் அவர் கண்டது கால்கள் வைத்த நீள்வடிவச் சுடுமண் ஈமப்பேழை. வடிவம் வேறானதால் பெயரும் வேறு. ஆதிச்சநல்லூர் போலவே தெற்கிலுள்ள சிவகளையில் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. ஈமத்தாழிக்கு வழங்கும் ‘முதுமக்கள் தாழி’ என்னும் பெயர் தெற்கத்தி ஊர்களில் மக்கள் வாயில் ‘மதமதக்கத் தாழி’ ஆயிற்று.

ஜப்பானில் யாயோய் எனப்படும் பழங்காலத்து மக்களும் தாழியை அறிந்தவர்கள். கியூஷு தீவின் யொஷினொகரியில் இரண்டு பெருஞ்சாடிகளை வாயோடு வாய் பொருத்தி உள்ளே இறந்தவரைக் கிடத்தினார்கள். ஆனால் அந்நாட்டில் பூச்சற்ற மண்கலம் அருங்காட்சியகத்தோடு நின்றுவிடவில்லை. பிஸென் ஊர்க் குயவர்கள் பைன் விறகில் நாள்கணக்காகச் சூளை எரித்து, சாம்பல் படிந்து உருகிய தழும்புகளையே அழகாகக் கொள்கிறார்கள். அங்கே அரிசி மதுக் கிண்ணமும் சிற்பம் போன்ற பூச்சாடியும் ஒரே சூளையில் வேகின்றன.

நம்மிடமும் கைத்தொழில் அற்றுவிடவில்லை. அம்பத்தூருக்கு அடுத்த வில்லிவாக்கம், கொன்னூர் பக்கம் இன்னும் சக்கரம் சுழல்கிறது. குயவரைக் குசவர் என்று சொல்லும் வழக்கு சென்னையின் கொசப்பேட்டை என்ற பெயரில் நிலைத்திருக்கிறது. கடைகிற பானையையும் பூ வளர்க்கும் தொட்டியையும் வேறு பெயர்களுக்குக் கொடுத்துவிட்டதால், தாழி என்றதும் எலும்பு மட்டும் நினைவுக்கு வருகிறது. இப்புறநகர் மொட்டைமாடிகளில் அல்லியும் தாமரையும் வளர்க்க அகன்ற தொட்டி தேடுகிறார்கள். அதைக் குயவரிடம் தாழி என்றே கேட்டு வனையச் சொல்லலாம். குவளைக்கு அந்தப் பெயர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பொருந்தியது; அல்லிக்கும் பொருந்தும்.