இலண்டன் இந்திய மாணவர்களின் இரகசியச் சங்கங்களும் புதுச்சேரியும்

பல்கலைக்கழக இரகசியச் சங்கம் என்பது, உறுப்பினர் பெயரையும் கூட்டத்தில் பேசியதையும் வெளியில் சொல்வதில்லை என்ற உறுதிமொழியுடன் மாணவர்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளும் அமைப்பு ஆகும். அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1776 டிசம்பர் 5 அன்று தொடங்கிய ஃபை பீட்டா கப்பா, கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்களுக்கு முன்னோடி. கேம்பிரிட்ஜில் 1820இல் 'அப்போஸ்தலர்கள்' சங்கமும், யேல் பல்கலைக்கழகத்தில் 1832இல் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' சங்கமும் தோன்றின. இவை பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கூட்டங்கள். இரகசியம் வெளிப்பட்டாலும் யாருக்கும் பெரிய நட்டமில்லை.

அடிமை நாட்டிலிருந்து இலண்டனுக்குப் படிக்கச் சென்ற மாணவர்களின் நிலை வேறு. அவர்களுடைய இரண்டு சங்கங்களின் கதை புதுச்சேரியில் வந்து சேர்கிறது.

தாமரையும் குத்துவாளும்

அரவிந்தர் 1890 முதல் 1892 வரை கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்றார். அங்கு 1891இல் தொடங்கப்பட்ட 'இந்தியன் மஜ்லிஸ்' என்ற மாணவர் மன்றத்தில் சிறிது காலம் செயலாளராக இருந்து, ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் பேசினார். அது இரகசிய அமைப்பன்று. கேம்பிரிட்ஜை விட்டபின், இந்தியா திரும்புவதற்குச் சற்று முன், இலண்டனில் இந்திய மாணவர் சிலர் அமைத்த 'தாமரையும் குத்துவாளும்' என்ற இரகசியச் சங்கத்தில் தம் சகோதரர்களுடன் சேர்ந்தார். நாட்டின் விடுதலைக்காக உழைப்பது, அதற்கென ஒரு தனிப் பணியை ஏற்பது என ஒவ்வொருவரும் சபதம் செய்தனர். ஆனால் அது பிறக்கும்போதே இறந்துவிட்ட சங்கம் என்று அரவிந்தரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். இங்கிலாந்தில் இந்திய மாணவர்கள் செய்த இவ்வகை முயற்சிகளில் முதலாவது அதுவே என்பதும் அவர் குறிப்பு. சங்கம் நிலைக்கவில்லை, சபதத்தை அவர் மறக்கவில்லை.

இந்தியா ஹவுஸ்

இலண்டன் ஹைகேட் பகுதியில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜூலை 1 அன்று இந்திய மாணவர்களுக்காக 'இந்தியா ஹவுஸ்' என்ற விடுதியைத் திறந்தார். மறுஆண்டு சட்டம் படிக்க வந்த சாவர்க்கர், புனேயில் மாணவராக இருந்தபோதே நடத்திவந்த 'அபிநவ பாரத்' என்ற இரகசியச் சங்கத்தின் கிளையை அங்கே உருவாக்கினார். வெளிப்பார்வைக்கு ஒரு மன்றம், உள்ளே நம்பிக்கைக்குரியவர்கள் மட்டும் சபதமேற்கும் சங்கம் என்று இரண்டு அடுக்காக வேலை நடந்தது.

திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் 1907இல் பாரிஸ்டர் படிப்புக்காக லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்து இவ்விடுதிக்கு வந்தார். புதுச்சேரியில் பாரதியாரின் 'இந்தியா' இதழோடு தொடர்புகொண்டிருந்த எம்.பி.டி. ஆச்சாரியாவும் பின்னர் வந்து சேர்ந்தார். 1909இல் கீர்த்திகர் என்பவர் மாணவர் வேடத்தில் அங்கே தங்கி ஸ்காட்லாந்து யார்டுக்குத் தகவல் கொடுத்தார். அதைக் கண்டுபிடித்தவர்களுள் ஐயரும் ஒருவர். அதன்பின் ஆச்சாரியாவே ஒற்றர்போல நடித்து, சங்கத்தார் தீர்மானித்த செய்திகளை மட்டும் போலீசாருக்குக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டுதான்.

விளைவுகள் கடுமையாக இருந்தன. பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்று, ஆகஸ்டு 17 அன்று தூக்கிலிடப்பட்டார். இலண்டனிலிருந்து இரகசியமாக அனுப்பப்பட்ட 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளில் ஒன்று, அதே ஆண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சனைக் கொல்லப் பயன்பட்டது. சுட்ட கன்ஹெரேயும் இளைஞர், அவரும் தூக்கிலிடப்பட்டார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். ஐயர் பாரிசுக்குத் தப்பினார்.

புதுச்சேரியில்

பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் போலீசார் யாரையும் கைது செய்ய முடியாது. ஆகவே 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தரும், அதே ஆண்டின் பிற்பகுதியில் ஐயரும் இங்கு வந்தனர். பாரதியார் 1908 முதலே இங்கிருந்தார். பழைய சங்கத்தின் முறையை ஐயர் இங்கும் தொடர்ந்தார். நீலகண்ட பிரம்மச்சாரியின் இரகசியச் சங்கத்தைச் சேர்ந்த வாஞ்சிநாதன் 1911 தொடக்கத்தில் புதுச்சேரி வந்து ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார் என்று 1918ஆம் ஆண்டின் ரௌலட் குழு அறிக்கை கூறுகிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சி தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார்.

அதன்பின் ஒற்றர் தொல்லை பெருகியது. இரகசியச் சங்கத்துக்கு ஆதாரம் கிடைக்காததால் அதை உண்டாக்கவும் துணிந்தார்கள். 1912இல் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது மூடிய சாடி ஒன்று மேலே வந்தது. உள்ளே காளி படம் போட்ட புரட்சித் துண்டுப் பிரசுரங்கள். மறைத்தால் மாட்டிக்கொள்ள நேரும் என்பதால், அரவிந்தரின் யோசனைப்படி அவர்களே பிரெஞ்சு போலீசாருக்குத் தெரிவித்தனர். இதற்கிடையில் மயூரேசன் என்பவர் கொடுத்த புகாரின்பேரில் நாந்தோ என்ற பிரெஞ்சு நீதிபதி அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்தார். மேசையில் கண்டது இலத்தீன், கிரேக்க நூல்கள்; அதாவது அந்தக் கேம்பிரிட்ஜ் படிப்பின் மிச்சம். இம்மொழிகள் அறிந்தவரா என்று வியந்து, மரியாதையோடு விடைபெற்றார். புகார் கொடுத்த மயூரேசன்தான் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓட வேண்டியதாயிற்று.

ஐயர் 1920 வரை புதுச்சேரியிலேயே இருந்தார். திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை இங்கிருந்தபோதுதான் முடித்தார்.