மசகானில் ஒரு கடற்காவல் தெய்வம்

காட்கோபரிலிருந்து குர்லா சென்று, துறைமுக ரயில் பாதைக்கு மாறினால், மசகான் பகுதியிலுள்ள டாக்யார்டு ரோடு நிலையத்தை நாம் அடையலாம். அதற்கு அருகே, நவாப் டேங்க் சாலையில், மாடி வீடு ஒன்றினுள் சீனர் ஆலயம் ஒன்று இருக்கிறது. சீ யுப் கூன் என்பது அதன் பெயர். 'சீ யுப்' என்பது தென்சீனத்துக் குவாங்துங் மாநிலத்தின் நான்கு வட்டங்களைக் குறிக்கும். அங்கிருந்து கடல் வழியே வந்து மும்பைத் துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த மக்கள் 1919ஆம் ஆண்டில் இதனை நிறுவினர்.

சொல் தவறாத வீரராகப் போற்றப்படும் குவான் குங்கும், கருணையே உருவான குவான் யின் அன்னையும் இங்கே வழிபடப் பெறுகின்றனர். கடலோடிகளுக்குக் குவான் யின் பெருந்துணை. புயலில் அகப்பட்டவன் அவ்வன்னையின் பெயரைச் சொன்னால் கரை சேர்வான் என்பது அவர்களது நம்பிக்கை.

இந்நம்பிக்கையின் ஊற்று எங்கே? நம் நாட்டிலேதான். பௌத்தர் போற்றும் அவலோகிதேசுவரரே சீனம் சென்று, நூற்றாண்டுகள் பல கழிந்தபின் பெண் வடிவம் பெற்றார். அவரை நினைந்தோர் கடல் இடரினின்று தப்புவர் என்று தாமரைச் சூத்திரம் கூறுகிறது. அந்நூலைக் குமாரசீவர் 406இல் சீன மொழியில் பெயர்த்தார். அவலோகிதரின் உறைவிடமாகிய போதலக மலை தென்னாட்டில் மலய மலைக்குக் கிழக்கே உள்ளதென ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதினார். அது நமது பொதிய மலையே எனக் கருதும் அறிஞரும் உளர். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியமோ, அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடமே என்கிறது. ஆகவே, சீனக் கடலோடி துணைக்கு அழைத்த அன்னையும், பௌத்தத் தமிழர் தம் மொழிக்கு ஆசானாகக் கொண்டவரும் மூலத்தில் ஒருவரே.

1962இல் எல்லைப் போர் மூண்டது. இந்நாட்டில் பிறந்து வளர்ந்த சீன வழியினரும் அந்நியர் என ஐயுறப்பட்டனர். அவர்களுள் பலர் இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். மும்பைச் சீனர் பலரும் பிற நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். ஆலயம் மட்டும் நிலைத்தது. எஞ்சிய குடும்பங்கள் சீனப் புத்தாண்டு நாளில் அங்கே கூடி ஊதுவத்தி ஏற்றுகின்றன.

பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோயில் எடுத்தவர்கள் நம் தமிழர். மசகான் ஆலயத்தின் படியேறும்போது அயலார் இல்லம் புகுவதாக நாம் எண்ண வேண்டுவதில்லை.